படிவம் 16ஏ வந்தால் நீங்கள் ஊழியர் இல்லை என்று ஆகிவிடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சம்பளத்தில் பிடித்த வரிக்கான படிவம் 16 ஜூன் 15-க்குள் ஊழியர் கைக்கு வந்துவிட வேண்டும் என்பது விதி. அந்தத் தேதி நெருங்கும்போது ஆண்டுதோறும் ஒரே சந்தேகம் கிளம்புகிறது: “எனக்குப் படிவம் 16 வரவில்லை, 16ஏ வந்திருக்கிறது. அப்படியானால் நான் இந்தக் கம்பெனியின் ஊழியர் இல்லையா?” (16ஏ என்பது சம்பளம் அல்லாத தொகையில் பிடித்த வரிக்கான சான்று.) ஐ.டி. நிறுவனத்தில் மூன்றாண்டாக ஒரே மேசையில் உட்கார்ந்திருப்பவர் இதைக் கேட்கிறார். தனியார் மருத்துவமனையில் இரவுப் பணி பார்க்கும் டாக்டர் கேட்கிறார், மதிப்பூதியத்தில் பாடம் நடத்தும் விரிவுரையாளரும் கேட்கிறார். படிவத்தைப் பார்த்துப் பதில் சொல்ல முடியாது என்பதையும், எதைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்பதையும் தங்கள் வாசகர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் எண்களைப் பற்றி ஒரு வார்த்தை. 2025ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. சம்பளத்தில் வரி பிடிக்கும் பழைய 192ஆம் பிரிவு அதில் 392 ஆகிவிட்டது. மற்றத் தொகைகளுக்கான 194-இன் நீண்ட வரிசை முழுவதும் 393-க்குள் அட்டவணையாக அடங்கிவிட்டது. ஆனால் இப்போது தாக்கல் செய்யப்போவது 2025-26 நிதியாண்டின் கணக்கு, அதற்கு 1961ஆம் ஆண்டுச் சட்டமே பொருந்தும். கணக்காளர்கள் வாயிலும் இன்னும் பழைய எண்கள்தான் இருக்கின்றன. ஆகவே நானும் அவற்றையே எழுதுகிறேன்.

ஒருவருக்குப் பணம் கொடுக்கும்போது நிறுவனம் மூன்று கதவுகளில் ஒன்றைத் திறக்கிறது. ஊழியர் என்றால் பிரிவு 192: ஆண்டுச் சம்பளத்தைக் கணித்து, வரி வருமானால் அதை மாதங்களுக்குப் பங்கிட்டுப் பிடிக்க வேண்டும். தொழில்முறைக் கட்டணம் என்றால் 194ஜே: ஒரே நிறுவனம் ஓர் ஆண்டில் தருவது 50,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம், தொழில்நுட்பச் சேவை என்றால் 2 சதவீதம். (2025 மார்ச் வரை இந்த வரம்பு 30,000 ஆக இருந்தது.) வேலையை ஒப்பந்தத்துக்கு விட்டதாகக் கொண்டால் 194சி: தனிநபருக்கு 1 சதவீதம், நிறுவனத்துக்கும் கூட்டாண்மைக்கும் 2 சதவீதம். ஒரு பில் 30,000-ஐத் தாண்டினாலோ ஆண்டு மொத்தம் ஒரு லட்சத்தைத் தாண்டினாலோ பிடிக்க வேண்டும். 192-இல் பிடித்தால் காலாண்டு அறிக்கை 24க்யூ, சான்று படிவம் 16. மற்ற இரண்டுக்கும் அறிக்கை 26க்யூ, சான்று 16ஏ.

எந்தக் கதவு என்பதை முடிவு செய்வது யார்? பணம் கொடுப்பவர்தான். அவருடைய கணக்குப் பிரிவில் யாரோ ஒருவர் மென்பொருளில் ஒரு பெட்டியைத் தேர்ந்தெடுக்கிறார், அவ்வளவுதான். அது ஒரு தரப்பின் முடிவு. அதைத் தீர்ப்பு என்று நினைத்துக்கொள்வதில்தான் குழப்பம் தொடங்குகிறது.

சம்பளம் என்றால் எவையெல்லாம் என்று 17ஆம் பிரிவு நீளமாகப் பட்டியல் போடுகிறது. ஆனால் யார் ஊழியர் என்று சட்டம் எங்கும் வரையறுக்கவில்லை. வரையறுக்கத் தெரியாமல் இல்லை. கூட்டாண்மை நிறுவனத்தின் பங்குதாரர் அந்த நிறுவனத்திடம் மாதாமாதம் ‘சம்பளம்’ வாங்கினாலும் அது சம்பளமாகக் கொள்ளப்படாது, தொழில் வருமானம்தான் என்று 15ஆம் பிரிவின் விளக்கத்தில் பளிச்சென்று எழுதியிருக்கிறார்கள். சட்டமன்ற உறுப்பினர் வாங்கும் ‘சம்பளம்’கூட வரிக் கணக்கில் ‘பிற வருமானம்’ என்ற தலைப்பில்தான் போகும். அவர் தேர்ந்தெடுக்கப்பட்டவர், யாரும் அவரை வேலைக்கு அமர்த்தவில்லை. ஆக, தாளில் என்ன சொல் இருக்கிறது என்பது பொருட்டில்லை. உறவு எப்படிப்பட்டது என்பதையே பார்க்க வேண்டும், அதற்கான அளவுகோல் நீதிமன்றங்களிடம் இருக்கிறது.

வீடு கட்டியவர்களுக்கு இந்த வேறுபாடு புதிதல்ல. கொத்தனாரை நாள் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டால் காலையில் எந்தச் சுவரைத் தொடங்குவது, கலவை எப்படிப் போடுவது என்று நாம் சொல்லலாம். மழை வந்து வேலை நின்றால் அது நம் நஷ்டம். சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசி விட்டுவிட்டால் எத்தனை ஆள் வைப்பது, யாரை வைப்பது, எப்போது வருவது எல்லாம் அவர் பாடு. சுவர் கோணலானால் இடித்துக் கட்டித் தருவதும் அவர் செலவு. முன்னது ஆளை அமர்த்துவது, பின்னது வேலையை விடுவது. சட்ட நூல்கள் பக்கம் பக்கமாக விளக்குவது இந்த வேறுபாட்டைத்தான்.

உச்ச நீதிமன்றம் இதை முதலில் விரிவாக ஆராய்ந்த வழக்குகளில் ஒன்று தாரங்கதாரா கெமிக்கல் ஒர்க்ஸ் வழக்கு. 1956இல் தீர்ப்பானது. உப்பளத் தொழிலாளர்களான அகரியாக்களுக்கு விளைந்த உப்பின் எடைக்குத்தான் கூலி. உதவிக்குச் சொந்தமாக ஆள் வைத்துக்கொள்ளவும் அவர்களுக்கு உரிமை இருந்தது. அப்படியிருந்தும் பாத்தி அமைப்பது முதல் உப்பு எடுப்பது வரை நிறுவனத்தின் மேற்பார்வை இருந்ததால் அவர்கள் தொழிலாளர்களே என்றது நீதிமன்றம். என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் சொல்கிறாரா, எப்படிச் செய்ய வேண்டும் என்றும் சொல்லும் அதிகாரம் இருக்கிறதா என்பதுதான் அங்கே உரைகல்.

அந்த உரைகல் எல்லா இடத்துக்கும் போதவில்லை. அறுவைச் சிகிச்சை நிபுணருக்குக் கத்தியை எப்படிப் பிடிப்பது என்று எந்த நிர்வாகியும் சொல்லப்போவதில்லை. 1973இல் சில்வர் ஜூபிலி டெய்லரிங் ஹவுஸ் வழக்கில் நீதிமன்றம் அளவுகோலை அகலப்படுத்தியது. தையல்காரர்களுக்குப் பீஸ் ரேட், வருகைக்குக் கட்டாய நேரம் இல்லை, சிலர் துணியை வீட்டுக்கும் எடுத்துப் போனார்கள். ஆனால் கடையில் தைத்தவர்களுக்கு மெஷின் கடைக்காரருடையது. தையல் சரியில்லை என்றால் நிராகரித்துப் பிரித்துத் தைக்கச் சொல்லும் உரிமையும் அவருக்கு இருந்தது. அவர்கள் ஊழியர்களே என்று தீர்ப்பு வந்தது. திருப்பூரில் பீஸ் ரேட்டில் தைப்பவர்களையெல்லாம் ‘கான்ட்ராக்ட்’ என்ற ஒரே சொல்லில் அடைப்பவர்கள் இந்தத் தீர்ப்பை ஒரு முறை படிக்கலாம். சொந்தக் கட்டடத்தில், சொந்த மெஷினில், தானே ஆள் வைத்துத் தைத்துத் தரும் பவர்டேபிள் உரிமையாளர் ஒப்பந்ததாரர், அவருக்கு 194சி. அதே கம்பெனியின் கூரைக்குள், கம்பெனி மெஷினில், கம்பெனி சூப்பர்வைசரின் கண்ணெதிரே தைப்பவரின் நிலை வேறு. இருவருக்கும் பீஸ் கணக்கில்தான் காசு என்பதால் இருவரும் ஒன்றாகிவிட மாட்டார்கள்.

எல்லா வழக்கும் தொழிலாளர் பக்கமே முடிந்ததாக நினைக்க வேண்டாம். நீலகிரி கூட்டுறவு விற்பனைச் சங்கத்தில் சுமை தூக்கியவர்களும் தரம் பிரித்தவர்களும் தாங்கள் சங்கத்தின் ஊழியர்கள் என்று கேட்ட வழக்கில், 2004இல் உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்துவிட்டது. நியமித்தது யார், கூலி கொடுப்பது யார், நீக்கும் அதிகாரம் யாரிடம், கட்டுப்பாடு எவ்வளவு, வேலை தொடர்ச்சியானதா என்று பல கேள்விகளைச் சேர்த்துத்தான் எடை போட வேண்டும், ஒரே ஒரு கேள்வி முடிவைத் தராது என்றது அந்தத் தீர்ப்பு. ‘நான் ஊழியர்’ என்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும் என்றும் சொன்னது. இந்தக் கடைசி வரியை மறக்கக் கூடாது. ஆவணம் சேர்த்து வைக்காதவர் இதில்தான் தோற்கிறார்.

வரி வழக்குகளில் அதிகம் மாட்டியது மருத்துவமனைகள். கன்சல்டன்ட் டாக்டர்களுக்கு 194ஜே-யில் 10 சதவீதம் பிடிக்கிறீர்கள், அவர்கள் உங்கள் ஊழியர்கள், 192-இல் பிடித்திருக்க வேண்டும் என்று துறை பல ஊர்களில் நோட்டீஸ் விட்டது. 2015இல் மும்பை உயர் நீதிமன்றம் கிராண்ட் மெடிக்கல் ஃபவுண்டேஷன் வழக்கிலும், கர்நாடக உயர் நீதிமன்றம் மணிப்பால் ஹெல்த் சிஸ்டம்ஸ் வழக்கிலும் மருத்துவமனைகள் பக்கம் நின்றன. பணி நேரம் குறித்திருப்பதாலோ மாதம் இவ்வளவு என்று ஒரு தொகை உறுதியளித்திருப்பதாலோ மட்டும் டாக்டர் ஊழியராகிவிட மாட்டார், பி.எஃப்., கிராஜுவிட்டி, விடுப்பு, பணி விதிகள் எல்லாவற்றையும் வைத்து ஒப்பந்தத்தை முழுதாகப் படிக்க வேண்டும் என்பது இத்தகைய வழக்குகளின் சாரம். 2020இல் சுசீலாபென் காந்தி வழக்கில் உச்ச நீதிமன்றமும், மருத்துவமனையோடு ஒப்பந்தம் செய்திருந்த கண் மருத்துவர் அதன் ஊழியர் அல்லர் என்றது. அது வரி வழக்கே அல்ல, மருத்துவமனை வாகனம் விபத்துக்குள்ளானதில் எழுந்த காப்பீட்டு வழக்கு. எந்தச் சட்டத்துக்காக இந்தக் கேள்வி எழுகிறதோ அந்தச் சட்டத்தின் நோக்கத்தையும் பார்க்க வேண்டும் என்று அதில் சொல்லப்பட்டிருக்கிறது. வரிக்கு ஒப்பந்ததாரராக இருப்பவர் பி.எஃப். சட்டத்துக்கு ஊழியராகக் கருதப்படக் கூடும் என்பது இதனால்தான். வருமான வரித் துறையில் முடிந்த விஷயம் பி.எஃப். அலுவலகத்தைக் கட்டுப்படுத்தாது.

இந்த டாக்டர் தீர்ப்புகளைக் காட்டி எல்லாத் துறையினரையும் ‘கன்சல்டன்ட்’ என்று எழுதிவிடலாம் என்று சில நிறுவனங்களுக்கு யோசனை சொல்லப்படுகிறது. அது ஆபத்தான யோசனை. டாக்டரின் ஒப்பந்தத்தில் நோயாளி கட்டணத்தில் பங்கு இருக்கும். தவறு நேர்ந்தால் அவர் மீதே வழக்கு வரும், அதற்கு அவர் சொந்தக் காப்பீடு எடுத்திருப்பார். பெரும்பாலும் மாலையில் சொந்த கிளினிக்கும் இருக்கும். காலை ஒன்பதுக்கு விரல் ரேகை வைத்து, கம்பெனி லேப்டாப்பில், கம்பெனி மேலாளர் கொடுக்கும் வேலையைச் செய்து, லீவுக்கு மெயில் போட்டு அனுமதி வாங்குபவரிடம் இவற்றில் எது இருக்கிறது?

இப்போது கணக்குக்கு வருவோம், ஏனென்றால் இருதரப்பும் இதற்கு ஆசைப்படுவது கணக்கால்தான். இவை 2025-26 நிதியாண்டுக்கான புதிய வரிமுறைக் கணக்கு. மொத்தச் சம்பளம் 18 லட்சம் வாங்கும் ஊழியருக்கு நிலைக் கழிவு (ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன்) 75,000 போக 17,25,000. அடுக்கு வாரியாக 20,000, 40,000, 60,000, 25,000 என மொத்தம் 1,45,000. செஸ் 4 சதவீதம் சேர்த்தால் 1,50,800 ரூபாய் வரி. அதே 18 லட்சத்தை ஐ.டி. கன்சல்டன்ட் என்று வாங்குபவர் 44ஏடிஏ பிரிவில் பாதியை லாபமாகக் காட்டலாம். 9 லட்சம் 12 லட்சத்துக்குள் இருப்பதால் 87ஏ தள்ளுபடி போக வரி பூஜ்யம். பிடித்த 1,80,000 முழுவதும் ரீஃபண்டாகத் திரும்பி வரும். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாததால் ஜிஎஸ்டி பதிவும் வேண்டாம்.

அவர் எதை விட்டார் என்றும் பாருங்கள். சம்பளத்தில் பாதி, அதாவது மாதம் 75,000, அடிப்படைச் சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு முழுதாகப் பி.எஃப். கட்டும் நிறுவனம் என்றால் நிறுவனத்தின் பங்கு 12 சதவீதம், ஆண்டுக்கு 1,08,000. கிராஜுவிட்டி, மாதத்துக்கு 26 நாள் என்று கொண்டு அதில் 15 நாள் சம்பளம் என்ற கணக்கில், பணியாண்டு ஒன்றுக்கு 43,269. இரண்டும் சேர்ந்தால் 1,51,269 ரூபாய். மிச்சப்படுத்திய வரியும் இழந்த பணமும் ஏறக்குறைய ஒன்றே! சம்பள விடுப்பு, குழுக் காப்பீடு, பெண்களுக்கு 26 வாரப் பேறுகால விடுப்பு இவை இந்தக் கணக்கில் வரவில்லை. 15,000 உச்சவரம்புக்கு மட்டும் பி.எஃப். கட்டும் நிறுவனமாக இருந்தால் மாதம் 1,800தான், அப்போது தராசு வேறு பக்கம் சாயும். ஆகவே கன்சல்டன்டாக வரச் சொன்னால் பழைய சம்பளத்தையே பேசாமல், நிறுவனம் மிச்சம் பிடிப்பதை எழுதிப் போட்டுப் பார்த்துத் தொகையை உயர்த்திக் கேட்பதுதான் முறை.

44ஏடிஏ பற்றி மூன்று எச்சரிக்கைகள். சட்டம், மருத்துவம், பொறியியல், கட்டடக் கலை, கணக்கியல், தொழில்நுட்ப ஆலோசனை, உள்அலங்காரம், அறிவிக்கப்பட்ட தகவல் தொழில்நுட்பம், திரைக் கலைஞர், கம்பெனி செயலர் போன்ற சிலவற்றுக்குத்தான் அது. விற்பனை, எச்.ஆர்., அலுவலக நிர்வாகம் பார்ப்பவருக்கு 194ஜே-யில் வரி பிடித்திருந்தாலும் அதனாலேயே இந்தப் பிரிவு திறந்துவிடாது. அடுத்து, பாதி என்பது குறைந்தபட்சம். லாபம் அதற்கு மேல் என்று நீங்களே சொன்னால் அந்த உயர்ந்த தொகைதான் கணக்கு. மூன்றாவதுதான் முக்கியம்: உறவு உண்மையில் வேலைவாய்ப்பு என்று தீர்மானமானால் வருமானம் சம்பளத் தலைப்புக்குப் போய்விடும், பாதிக் கழிவு இல்லை, நிலைக் கழிவு 75,000 மட்டும். வித்தியாசத்துக்கு வரியும் வட்டியும் போக, குறைத்துக் காட்டியதாகக் கருதினால் 270ஏ-யில் அந்த வரியில் 50 சதவீதம் அபராதம். மார்ச் 31-இல் ஊழியராக ராஜினாமா வாங்கி, ஏப்ரல் 1-இல் அதே மேசையில் அதே ஆளைக் கன்சல்டன்டாக உட்கார வைக்கும் ஏற்பாடுதான் இதில் முதலில் கண்ணில் படும்.

மேலே சொன்னது வசதியானவர் கதை. மாதம் 25,000 வாங்கும் ஒருவரை 194ஜே-யில் போடுவது வேறு விஷயம். ஆண்டுக்கு 3 லட்சம், வரி எதுவும் இல்லை. ஊழியராக இருந்தால் ஒரு ரூபாயும் பிடிக்க மாட்டார்கள். கன்சல்டன்ட் என்பதால் முதல் மாதத்திலிருந்தே 2,500 போய்விடும், ஆண்டில் 30,000. பான் கொடுக்காவிட்டால் 20 சதவீதம். பிடித்த வரி 25,000-ஐத் தொட்டுவிட்டதால், வருமானம் வரி வரம்புக்குக் கீழே இருந்தாலும் கணக்குத் தாக்கல் கட்டாயமாகிறது. தாக்கல் செய்யாவிட்டால் அந்த 30,000 திரும்ப வராது. “15ஜி எழுதிக் கொடுத்தால் பிடிக்க மாட்டார்கள்” என்று பக்கத்தில் இருப்பவர் சொல்வார். 15ஜி வங்கி வட்டி போன்ற சிலவற்றுக்கு மட்டுமே, 194ஜே-க்கும் 194சி-க்கும் செல்லாது. உள்ள வழி ஒன்றுதான்: படிவம் 13-இல் இணையவழி விண்ணப்பித்து 197ஆம் பிரிவில் குறைந்த பிடித்தச் சான்று வாங்குவது. அதுவும் வாங்கிய நாளிலிருந்துதான் பயன்படும், முன்பு பிடித்ததைத் திருப்பித் தராது. எனவே நிதியாண்டு தொடக்கத்திலேயே விண்ணப்பிக்க வேண்டும். மாதம் 21,000-க்குள் வாங்குபவர் என்றால் இ.எஸ்.ஐ. மருத்துவ வசதியும் கையைவிட்டுப் போகிறது என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தன் நிலையை அறிய விரும்புபவர் முதலில் வருமான வரித் தளத்தில், தன் பெயரில் பிடித்த வரிகளைக் காட்டும் 26ஏஎஸ் அறிக்கையைத் திறந்து பிரிவு எண்ணைப் பார்க்கட்டும். 192 என்றிருந்தால் ஊழியராகக் காட்டியிருக்கிறார்கள். 194ஜேபி என்றால் 10 சதவீதத் தொழில்முறைக் கட்டணம், 194ஜேஏ என்றால் 2 சதவீதத் தொழில்நுட்பச் சேவை. சம்பளம்தானே என்று நினைத்துச் சம்பளக்காரர்கள் போடும் ஐ.டி.ஆர்.-1 படிவத்தில் கணக்குப் போட்டு, 194ஜே-யில் பிடித்த வரியைக் கேட்டால் தலைப்பும் பிடித்தமும் ஒத்துப்போகாமல், குறைபாடுள்ள கணக்கு என்று நோட்டீஸ் வர வாய்ப்புண்டு. தொழில் வருமானமாகக் காட்டுவதானால் ஐ.டி.ஆர்.-3 அல்லது 4. சம்பளம்தான் என்று உறுதியாகத் தெரிந்தால் தாக்கலுக்கு முன்பே நிறுவனத்துக்கு எழுதி, 26க்யூ-விலிருந்து நீக்கி 24க்யூ-வில் சேர்க்கும் திருத்த அறிக்கை கேளுங்கள். வாய்மொழியாகக் கேட்காமல் மின்னஞ்சலில் கேட்பது நல்லது. திருத்தினாலும் திருத்தாவிட்டாலும் அந்தக் கடிதமே பிற்பாடு சான்று.

பிறகு ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். ‘இது வேலைவாய்ப்பு ஒப்பந்தம் அல்ல’ என்ற ஒரு வரி கட்டாயம் இருக்கும். அதன் மதிப்பு குறைவு. உங்களுக்குப் பதில் வேறொருவரை அனுப்ப அனுமதி உண்டா? வேறு வாடிக்கையாளருக்கு வேலை செய்யத் தடையா? ஆண்டுக்கு 12 நாள் விடுப்பு, 90 நாள் நோட்டீஸ், ஒழுங்கு நடவடிக்கை என்றெல்லாம் எழுதியிருக்கிறதா? வேலை தவறினால் சரிசெய்யும் செலவு யாருடையது? மாதா மாதம் நீங்கள் வரிசை எண்ணிட்ட பில் கொடுக்கிறீர்களா, அல்லது 30-ஆம் தேதி தானாகவே தொகை வங்கிக்கு வருகிறதா? வருகைப் பதிவின் நகல், அடையாள அட்டை, வேலை கொடுத்த மின்னஞ்சல்கள், விடுப்பு அனுமதி இவற்றை வைத்துக்கொள்ளுங்கள். நிரூபிக்கும் பாரம் உங்களுடையது என்று மேலே சொன்னது இதற்காகத்தான்.

உண்மையாகவே ஒப்பந்ததாரராக இருப்பவருக்கு வேறு கடமைகள் உண்டு, அவற்றை நிறுவனம் நினைவூட்டாது. டிடிஎஸ் (பணம் தருபவர் பிடித்த வரி) போக 10,000 அல்லது அதற்கு மேல் வரி வருமானால் முன்வரி (அட்வான்ஸ் டாக்ஸ்) கட்ட வேண்டும். 44ஏடிஏ-காரர் மார்ச் 15-க்குள் ஒரே தவணையில், மற்றவர் நான்கு தவணையில். தவறினால் மாதம் 1 சதவீதம் வட்டி. ஊழியருக்குத் தொழில் வரியை நிறுவனம் பிடித்து உள்ளாட்சிக்குக் கட்டிவிடும், கன்சல்டன்ட் அரையாண்டுக்கு ஒரு முறை தானே கட்ட வேண்டும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி.

ஜிஎஸ்டி-யில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஊழியர் முதலாளிக்குச் செய்யும் வேலை, ஜிஎஸ்டி சட்டத்தின் மூன்றாம் அட்டவணைப்படி சேவையே அல்ல. கம்பெனி இயக்குநர்கள் விஷயத்தில் குழப்பம் வந்தபோது மறைமுக வரி வாரியம் 2020 ஜூன் 10-இல் ஒரு சுற்றறிக்கை விட்டது: இயக்குநருக்குத் தருவதில் 192-இல் பிடித்த பகுதி சம்பளம், அதற்கு ஜிஎஸ்டி இல்லை. சம்பளமல்லாத பகுதிக்கு 194ஜே-யில் பிடித்திருந்தால் அது சேவை, கம்பெனியே ஜிஎஸ்டி கட்ட வேண்டும். ஒரு துறை இன்னொரு துறையின் டிடிஎஸ் எண்ணைப் பார்த்து முடிவு செய்கிறது, அந்த எண்ணையோ கணக்குப் பிரிவில் யாரோ தேர்ந்தெடுத்தார்! நிறுவனங்களும் இதைக் கவனிக்க வேண்டும். 192-இல் பிடிக்க வேண்டியதைத் தவறவிட்டால் 201ஆம் பிரிவில் அவர்களே கடன்பட்டவர்கள், குறைந்த தொகைக்கு மாதம் 1 சதவீத வட்டி. பணம் பெற்றவர் தன் கணக்கில் அதைக் காட்டி வரி கட்டியிருந்தால் ஆடிட்டர் சான்றுடன் படிவம் 26ஏ கொடுத்து வரியிலிருந்து தப்பலாம், வட்டியிலிருந்து தப்ப முடியாது.

அமெரிக்காவில் ஊழியரா ஒப்பந்ததாரரா என்று சந்தேகம் வந்தால் தொழிலாளியோ நிறுவனமோ எஸ்எஸ்-8 என்ற படிவத்தில் விவரம் எழுதி வரித் துறையிடமே முடிவு கேட்கலாம். பிரிட்டனில் துறையின் இணையக் கருவியில் கேள்விகளுக்குப் பதில் கொடுத்தால் அதன் கருத்தைச் சொல்லும். 2021 ஏப்ரல் முதல் அங்கே நடுத்தர, பெரிய தனியார் நிறுவனங்கள் சொந்தக் கம்பெனி வழியாக வரும் ஒப்பந்ததாரரின் நிலையை எழுத்தில் தெரிவித்துக் காரணமும் சொல்ல வேண்டும். அந்த முறைகளிலும் தகராறுகள் இல்லாமல் இல்லை. ஆனால் கேட்பதற்கு ஓர் இடம் இருக்கிறது. இங்கே 194ஜே 1995 ஜூலையில் வந்து முப்பது ஆண்டு கடந்துவிட்டது. சம்பள வரிப்பிடித்தம் பற்றி நேரடி வரிகள் வாரியம் வெளியிடும் நீண்ட சுற்றறிக்கைகளில் வீட்டு வாடகைக் கழிவு முதல் கார் சலுகையின் மதிப்பு வரை எல்லாம் இருக்கும். யாரை ஊழியராகக் கொள்வது என்பதற்குத் தெளிவான உரைகல் அவற்றில் கிடையாது.

புதிய சட்டத்தில் பிரிவுகளை மாற்றி எண்ணிட்டு முடித்துவிட்டார்கள். அடுத்த சம்பளச் சுற்றறிக்கையில் டாக்டர், ஐ.டி. கன்சல்டன்ட், விரிவுரையாளர், பீஸ் ரேட் தையல்காரர் என நான்கைந்து உதாரணங்களோடு இந்த உரைகல்லை வாரியம் எழுத வேண்டும். ஒருவருக்குத் தொடர்ந்து பன்னிரண்டு மாதமும் பணம் கொடுத்து 194ஜே-யில் காட்டும் நிறுவனம் அதற்கான காரணத்தைக் காலாண்டு அறிக்கையில் குறிப்பிட ஒரு கட்டமும், அதை மறுத்துப் பணம் பெறுபவர் முறையிட 26ஏஎஸ் பக்கத்திலேயே ஒரு பொத்தானும் வைத்தால் போதும். தகவல் அறிக்கையான ஏஐஎஸ்-இல் ‘இந்தத் தகவல் தவறு’ என்று சொல்லும் வசதியை ஏற்கெனவே கொடுத்திருக்கிறார்கள், அதைச் சற்று நீட்டினால் முடிகிற வேலைதான் இது.

இப்படிக்கு,
வரி ஆலோசகர் ஒருவர்,
திருப்பூர்.